ஹரிணி தடுமாறிய ஒரே கேள்வி

என் ஹரிணி அப்பாவுக்கு,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்குள் 'என்னங்க', வெளியாட்கள் முன்னால் 'ஹரிணி அப்பா'. இப்போது எழுத உட்கார்ந்தால் இரண்டாவதுதான் பேனாவில் வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அப்போதெல்லாம் அதற்குத் தேவையே வந்ததில்லை. ஜவுளிக்கடை அடைத்துவிட்டு நீங்கள் வந்து சாப்பிட உட்காரும்போது அன்றைய கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவேன். நீங்கள் பாதி கேட்டு, பாதி தூங்கிக்கொண்டே 'ம்' போடுவீர்கள்.

களைத்துப் போயிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. எந்தத் தெருவை எப்போது மூடுவார்கள், பஸ் எந்த வழியாகச் சுற்றிப் போகும் என்று கண்டக்டருக்கே தெரிவதில்லை. மந்தைவெளியில் ஏறி, கோபாலபுரத்தில் இறங்கி, பள்ளிக்கூட ஆபீஸ் நாற்காலியில் போய் உட்காரும்போதே பாதி நாள் முடிந்துபோனதாகத் தோன்றுகிறது. அப்புறம் மீதி நாள் முழுக்க ஃபீஸ் ரசீது, டி.சி., பெற்றோர் சண்டை. திரும்பி வந்தால் வீட்டில் இன்டர்வியூ.

உங்கள் மகளுடைய இன்டர்வியூதான். நீங்கள் எங்களை விட்டுப்போனபோது அவள் பிளஸ் டூ. துக்கம் ஆறுவதற்குள் பரீட்சை வந்துவிட்டது, எப்படியோ எழுதினாள். நீட்டில் முதல் தடவை கோட்டை விட்டாள். ஒரு வருஷம் வெளியே தலைகாட்டாமல் படித்து மறுபடி எழுதினாள். பாஸ்தான், ஆனால் அரசாங்கக் கல்லூரி கிடைக்கிற மார்க் இல்லை. தனியார் கல்லூரியைப் பற்றி நாங்கள் பேச்சே எடுக்கவில்லை. நம் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியாததா?

அந்த நேரத்தில்தான் ஈப்போவிலிருந்து உங்கள் அக்கா போன் செய்தார். மலேசியாவிலும் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, பெண்ணை அனுப்பு, என் வீட்டிலிருந்து போய்ப் படிக்கட்டும், செலவை நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் தயங்கினேன். "என் தம்பி பொண்ணுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன், சொல்லு" என்று அழுதுவிட்டார். அதற்குமேல் மறுக்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் அங்கே மார்க்கை மட்டும் பார்த்து எடுக்க மாட்டார்களாம். இந்தப் பெண் ஏன் டாக்டராக வேண்டும் என்கிறாள், இதுவரை யாருக்காவது உதவி செய்திருக்கிறாளா, நோயாளி முன்னால் உட்கார்ந்தால் எப்படிப் பேசுவாள், எல்லாம் பார்ப்பார்களாம். இதற்கெல்லாம் பழக்குகிறவர்கள் தி.நகரில் இருக்கிறார்கள். உங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் விக்னேஷ் என்று ஒருவர். சின்ன வயசு, நல்ல மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை ஆன்ட்டி. ஹரிணியின் மார்க் ஷீட்டையும் சான்றிதழ்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ளிகேஷன் ரொம்ப வீக்கா இருக்கு ஆன்ட்டி" என்றார். டானிக் எழுதிக் கொடுப்பார் போலிருந்தது.

அவர் எழுதிக் கொடுத்த டானிக், ஞாயிற்றுக்கிழமைதோறும் நொச்சிக்குப்பத்தில் நடக்கிற இலவச மருத்துவ முகாம். ஹரிணி அங்கே போய் பிரஷர் பார்த்து எழுதிக் கொடுத்தாள். நானும் ஒன்றிரண்டு முறை துணைக்குப் போனேன். ரோட்டோரம் மீன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்து வந்து கை நீட்டும் ஒரு ஆயா, "இன்னா பாப்பா, ஏறிக்கினே கீதா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரை ஒழுங்காய்ச் சாப்பிடுவதாக டாக்டரிடம் நீயே சொல்லிவிடு, நீ சொன்னால் நம்புவார் என்று கெஞ்சினார். இவள் சிரித்துக்கொண்டே, "நான் பொய் சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிடும் ஆயா" என்றாள். முகாமில் நிற்கிற மாதிரி நாலு போட்டோ எடுத்து வரச் சொல்லியிருந்தார் விக்னேஷ். அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை.

அப்புறம் கட்டுரை. நான் ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அப்பா இறந்ததை முதல் பாராவில் வைக்கலாம், படிக்கிறவர்கள் மனதில் நிற்கும் என்று விக்னேஷ் சொன்னார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் தொழில் அது. ஹரிணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது வேணாம் சார்" என்றாள். அவர் இரண்டு மூன்று முறை கேட்டும் காரணம் சொல்லவில்லை. உங்களை அப்படி வெளியே எடுத்துக் காட்டாமல் விட்டாளே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கட்டுரை போனது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், ஆன்லைனில். ஒரே இன்டர்வியூ இல்லையாம், சின்னச் சின்னதாய் வரிசையாக வருமாம். ஒவ்வொன்றிலும் ஒரு புது டாக்டர், ஒரு புது நிலைமை. நீ டாக்டர், எதிரில் இப்படி ஒரு நோயாளி, இப்போது என்ன செய்வாய் என்று கேட்பார்களாம். விக்னேஷ் கேள்விகளை அட்டை அட்டையாக அச்சடித்துக் கொடுத்து, வீட்டில் யாராவது கேட்டுப் பழக்குங்கள் என்றார்.

வீட்டில் யார் இருக்கிறோம்? நானும் உங்கள் தம்பி சேகரும்தான். சேகர் ஆபீஸ் விட்டு நேராக வந்துவிடுவார், சட்டையை டக் இன் செய்துகொண்டு சோபாவில் உட்காருவார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வேன். ஹரிணி உள்ளிருந்து நடந்து வந்து வணக்கம் சொல்லி எதிரில் உட்கார வேண்டும். பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கிறது, காப்பியையும் அவளையே கொண்டுவரச் சொல்லலாமா என்றேன். சேகர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலையும் அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். அந்தச் சில சாயங்காலங்களில் நாங்கள் சிரித்தோம், உண்மையிலேயே சிரித்தோம்.

அப்புறம் ஒரு நாள் அந்த அட்டை வந்தது. சேகர் இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, எப்படியோ முடித்தார். உங்கள் நோயாளிக்குக் கேன்சர், முற்றிய நிலை. அவருடைய மனைவி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார். நோயாளியோ எனக்கு என்ன என்று கேட்கிறார். என்ன செய்வீர்கள்? இதுதான் கேள்வி.

ஹரிணி, "அடுத்தது கேளுங்க சித்தப்பா" என்றாள்.

உங்களுக்கு இப்போது நான் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த அன்று உங்களை உள்ளே படுக்க வைத்துவிட்டு டாக்டர் எங்களை வெளியே காரிடாரில் கூப்பிட்டுப் பேசினார். நானும் சேகரும் நின்றோம். ஹரிணி கையில் பிளாஸ்க்கோடு சுவரோரம் நின்றாள். டாக்டர் சொல்லி முடிக்கிறவரைக்கும் சேகர் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் முடித்ததும் நான் கேட்டது ஒன்றுதான், அவரிடம் சொல்ல வேண்டாம் டாக்டர் என்று. டாக்டரும் மறுக்கவில்லை, நிறையக் குடும்பங்கள் இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. உள்ளே வந்து உங்களிடம், கணையத்தில் புண், ஆறுவதற்கு நாளாகும் என்றோம்.

அடையாறு என்றாலே கேன்சர் ஆஸ்பத்திரிதான், வாயைத் திறந்தாலே ஊரில் விஷயம் புரிந்துவிடும், அதனால் அந்தப் பக்கமே உங்களைக் கூட்டிப் போகவில்லை. ஆட்டோ அந்த வழியாகப் போனால்கூட வேறு ரோட்டில் திருப்பச் சொன்னேன். "இன்னாம்மா, இப்டி சுத்தினு போனா இன்னும் லேட் ஆவும்" என்று டிரைவர் முணுமுணுத்தார். மெட்ராஸைத் தெருத் தெருவாகத் தெரிந்த மனிதர் நீங்கள், ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வந்தீர்கள். 'அப்புறமா வர்றோம்' என்று சொல்கிற வாடிக்கையாளர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவரை நாங்கள் மூன்று பேரும் ஏமாற்றிவிட்டதாக நினைத்தோம். நீங்கள் என்னிடம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை, அதனால் நம்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

அதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். துக்க வீட்டுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவர் நீங்கள். உங்களிடம் எப்படிச் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

இரண்டாவது முறை அந்த அட்டை வந்தபோதும் ஹரிணி அடுத்ததற்குத் தாவினாள். விக்னேஷின் ஆபீஸில் நடந்த ஒத்திகையிலும் மற்றதற்கெல்லாம் தண்ணி பட்ட பாடாகப் பதில் சொன்னவள் இதில் மட்டும் வாயடைத்து உட்கார்ந்துவிட்டாளாம். அவர் எனக்குப் போன் செய்தார். "இதுக்கு ஒரே பதில்தான் ஆன்ட்டி. நோயாளிக்குத் தெரிஞ்சுக்கற உரிமை இருக்கு, குடும்பம் அதுல தலையிட முடியாது. இவ்ளோ சொன்னாலே மார்க். ஏன் இதுல மட்டும் நிக்கறான்னு புரியல" என்றார். என்னையே அந்த மனைவியாக நடிக்கச் சொன்னார். அவருக்கு நம் கதை தெரியாது.

நடித்தேன். வசனத்தை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்றேன், அன்றைக்குச் சொன்ன அதே குரலில் வந்துவிட்டது. ஹரிணி எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய், என்னைக் குத்திக்காட்டுகிறாயா, நான் செய்தது அநியாயம் என்று நினைக்கிறாயா, அதை வாயைத் திறந்து சொல்லேன் என்று கத்தினேன். துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அம்மா வாளியோடு திரும்பிப் போய்விட்டார். "இல்லம்மா, அதெல்லாம் இல்ல" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. அந்த வாரம் நாங்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை.

இன்டர்வியூ அன்று காலையில் வீடு அமர்க்களம். மேலே கீழே எல்லார் வீட்டிலும் போய், இரண்டு மணி நேரம் மிக்ஸி போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஸ்பீக்கர் கட்டிய காய்கறி வண்டி வந்தால் திருப்பி அனுப்ப சேகர் தெருமுனையில் காவல் நின்றார். ஹரிணி என்னைச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். பாத்திரம் உருளக் கூடாது, குக்கர் விசில் கூடாது, முக்கியமாக ஒட்டுக் கேட்கக் கூடாது. ஆனால் கடைசி நேரத்தில் ஹெட்போன் மக்கர் பண்ணிவிட்டது. லேப்டாப் ஸ்பீக்கரிலேயே எல்லாம் ஹாலில் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது, என் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

நன்றாகப் பேசினாள். ஏன் டாக்டர் என்று கேட்டதற்கு நொச்சிக்குப்பத்து ஆயாவைப் பற்றிச் சொன்னாள், யாரோ சிரித்தது கேட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போய், கடைசிக்கு முந்தினதோ என்னவோ, கொஞ்சம் வயதான ஒரு ஆண் குரல். கேள்வியை ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே அட்டை. மனைவி சொல்ல வேண்டாம் என்கிறார், நோயாளி கேட்கிறார்.

விக்னேஷ் சொல்லிக் கொடுத்ததை இங்கிலீஷில் சொன்னாள். உரிமை, குடும்பத்தோடு பேசுவேன், நோயாளிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்பேன். ஒரு மாதிரி ஒப்பித்துவிட்டாள். நான் மூச்சு விட்டேன். அவர் அதோடு விட்டிருக்கலாம். இப்படி ஒரு நிலைமையை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் இங்கிலீஷிலேயே, என் அப்பா என்னிடம் கேட்டார் என்றாள்.

அந்தக் குரல் தமிழுக்கு மாறியது. "பரவால்லம்மா, தமிழ்லயே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லிட்டேன் சார். உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எப்படிப் போச்சு என்றேன். பரவாயில்லைம்மா, காப்பி கிடைக்குமா என்றாள். போட்டுக் கொடுத்தேன். கேட்டுவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கேட்டிருக்குமோ என்று அவளும் விசாரிக்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் காகிதம் தாங்காது. எத்தனை மாதம் உங்கள் முன்னால் சிரித்த முகத்தோடு நின்றேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டு வெளியே வந்தேன். நீங்கள் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? இரண்டு பேரும் சேர்ந்து என்னை மட்டும் மேடையில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தீர்களா? என் கண்ணைப் பார்த்து ஒரு தடவை, 'எனக்குத் தெரியும், விடு' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

கோபம் வடிந்த பிறகு வந்தது இன்னும் மோசம். எதை வேண்டுமானாலும் சாப்பிடட்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் புண் என்று சொல்லிவிட்டோமே, புண்ணுக்குக் காரம் ஆகாதே. அதனால் உங்களுக்கு மோர் சாதமும் இட்லியுமாகப் போட்டேன். ஒரு நாள் ஆசையாக, வத்தக்குழம்பு வைக்கிறியா என்று கேட்டீர்கள். புண் ஆறட்டும், அப்புறம் வைக்கிறேன் என்றேன். ஆமாம், ஆறட்டும் என்றீர்கள். தெரிந்தேதான் சொன்னீர்களா? தெரிந்துதான் அந்த மோர் சாதத்தைச் சாப்பிட்டீர்களா? இந்த இரண்டு வாரமாக வீட்டில் வத்தக்குழம்பு வைக்கவில்லை. வைக்கக் கை வரவில்லை.

அந்தக் கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டது. வெயிட்டிங் லிஸ்ட். யாராவது விட்டுப் போனால் கூப்பிடுவார்களாம். அக்கா போனில் சமாதானம் சொன்னார், சேகர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார், ஹரிணி மட்டும் அடுத்த கல்லூரி இருக்கிறதே என்றாள். அந்த இன்டர்வியூ வருகிற புதன்கிழமை. அதுதான் இந்த வருஷத்துக்குக் கடைசி. இதிலும் போனால் இன்னொரு வருஷம் உட்காருவாளா, வேறு ஏதாவது படிப்பாளா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் களைப்பு வந்துவிட்டது. முகத்தில் தெரிகிறது.

நேற்றுச் சாயங்காலம் மறுபடி அட்டைகளை எடுத்து உட்கார்ந்தோம். சேகர் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அந்த அட்டையை அவள் அடியில் தள்ளி வைத்திருந்தாள். நான் அதை உருவி மேலே வைத்தேன்.

"இன்னிக்கு நான் பொண்டாட்டி இல்ல. நான்தான் நோயாளி" என்றேன். "எனக்கு என்னன்னு கேக்கறேன். நீ அன்னிக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு."

என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. அம்மா என்று எழுந்தாள். உட்காரச் சொன்னேன்.

"சொல்லும்மா. எனக்கு என்ன?"

"கணையத்துல கேன்சர்ப்பா. லிவருக்கும் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. வலி இல்லாம பாத்துக்கலாம்னு டாக்டர் சொன்னார்."

அப்பா என்றுதான் கூப்பிட்டாள். நான் அடுத்துப் பேச வேண்டும், எனக்கு வசனம் தெரியவில்லை. அதுக்கு நான் என்ன சொன்னேன் என்று அவளிடமே கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டார். காரிடார்ல நானும் இருந்தேன்னேன். 'பாவம்டி நீ'ன்னு தலையைத் தடவினார்." அதுவரை அடக்கியவள் அங்கே உடைந்துபோனாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். "எனக்குத் தெரியாதுன்ற தைரியத்துலதான் அம்மா நிக்கிறா, அதை எடுத்துடாதன்னார். அம்மா தனியாப் படுக்க மாட்டா, அப்புறம் நீ பக்கத்துல படுத்துக்கோன்னார்."

நீங்கள் போன அன்றிலிருந்து அவள் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். குழந்தை பயந்து போயிருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்குத் துணையாக நான் படுத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அழுது முடித்து டீ குடித்தோம். புதன்கிழமை தலைக்கு மேல் நிற்கிறதே, அட்டை இன்னும் அங்கேயே கிடந்தது. இன்னொரு தடவை பண்ணுவோம், நான் பழையபடி மனைவி என்றேன். வேண்டாம்மா என்றாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

இந்த முறை ஹரிணி எழுந்து போகவில்லை. உரிமை அது இது என்று ஒப்பிக்கவும் இல்லை. என் பக்கமாகக் கொஞ்சம் குனிந்து, "முதல்ல நீங்க உட்காருங்கம்மா" என்றாள். "இதை எத்தனை நாளா தனியா வெச்சிருக்கீங்க? சாப்பிட்டீங்களா? உங்களுக்கு என்ன பயம்னு முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. அதுக்கப்புறம் அவர்கிட்ட என்ன சொல்லலாம்னு ரெண்டு பேரும் யோசிக்கலாம்."

விக்னேஷ் இதற்கு மார்க் போடுவாரா என்று தெரியாது. அந்தக் கல்லூரிக்காரர்கள் போடுவார்களா என்றும் தெரியாது. அன்றைக்கு அந்தக் காரிடாரில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை நாலு பேர் படிக்கட்டும், அச்சுக்குக் கொடு என்று ஹரிணிதான் சொன்னாள். இன்றைக்கும் ஏதாவது ஒரு காரிடாரில் யாராவது நின்றுகொண்டிருப்பார்களாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஒன்றும் இல்லை. நான் செய்தது சரியா தப்பா என்றே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டு போனீர்கள், தனியாகத் தெரிந்துகொள்ளவில்லை, பக்கத்தில் அவள் இருந்தாள் என்பது மட்டும் இப்போது எனக்குப் போதுமாக இருக்கிறது.

புதன்கிழமை எப்படிப் போனாலும் உங்களுக்கு எழுதுகிறேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு தெம்பில்லை. ஒரே ஒரு வாக்கு கொடுக்கிறேன். எனக்கென்றும் ஒரு நாள் ஸ்கேன் எடுத்துக்கொண்டு டாக்டர் வெளியே வருவார். அன்றைக்கு யாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசவிட மாட்டேன். ஹரிணி டாக்டராகியிருந்தாலும் ஆகாமல் போனாலும், அவளை என் கட்டிலில் உட்கார வைத்து, எனக்கு என்ன என்று நானே கேட்பேன். அவள் சொல்கிறவரை அவள் கையை விட மாட்டேன்.

உங்களிடம் கடைசிவரை பொய் சொன்ன, உங்களிடம் கடைசிவரை ஏமாந்த,
உங்கள் ஹரிணி அம்மா